பீரோவில் வந்த பல்லி

பழைய தாள்களைச் சேர்த்துவைப்பது என் வழக்கம். விழுப்புரத்துக் கோயில்களின் குடமுழுக்கு அழைப்பிதழ்கள், நின்றுபோன பஸ்களின் கால அட்டவணைகள் எல்லாம் ஆண்டு வாரியாக என் அலமாரியில் இருக்கின்றன. ஆண்டு இல்லாத ஒரே கட்டு நானே எழுதியதுதான். தினம் கிழிக்கும் காலண்டரின் ஐந்து தாள்கள், வெள்ளி முதல் செவ்வாய் வரை. ஆவணி மாதம் என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆண்டு அச்சான மூலையை மட்டும் பூச்சி தின்றுவிட்டது. எந்த ஆண்டு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தாளில் இல்லாததை எழுதுவதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். எண்பதுகளின் நடுப்பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு பல்லியைப் பற்றிய தாளைப் போய்ப் பூச்சி தின்றதே என்றுதான் எனக்கு வருத்தம்.

வெள்ளிக்கிழமைத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருப்பது இது: "பல்லி வந்தது. திண்டிவனத்திலிருந்து."

அது லாரியில் வந்தது. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி மூன்றாம் நாள், சித்தியின் சீர் சாமான்கள் எங்கள் வீட்டு வாசலில் இறங்கின. கட்டில், பித்தளை அண்டா, ஆளுயரத்துக்கு ஒரு மர பீரோ. பீரோவின் கீழ் டிராயரை முதலில் இழுத்தவள் நான். மூலையில் ஒரு பல்லி ஒடுங்கிக் கிடந்தது. வாலின் நுனி மொண்ணையாக, பிறகு ஒட்டவைத்ததுபோல் வேறு நிறத்தில் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் சித்தி ஓடிவந்து குனிந்து பார்த்தாள்.

"ஐயோ பாப்பா, இது எங்க ஊட்டுப் பல்லி! எங்கம்மா ஜன்னலச் சாத்தும்போது மாட்டிக்கினு வாலு அறுந்துச்சே, அதேதான்."

வந்த நாளிலிருந்து சித்தி சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

அப்பாவின் அக்காவான அத்தை, கல்யாணத்துக்கு வந்தவள், இன்னும் ஊருக்குப் போகாமல் இருந்தாள். அவள் டிராயரை எட்டிப் பார்த்துவிட்டு, "சீரோட வந்த ஜீவன். வந்த எடத்துல உசுர உட்டுச்சுன்னா ஊட்டுக்கு ஆகாது. பாத்துக்கோங்க" என்றாள்.

"அதுக்கென்னா, பந்தியில அதுக்கும் ஒரு எல போட்டுடலாம்" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

பல்லியை நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் சமையலறைக் கதவுக்கு மேல் குண்டாக ஒரு பல்லி குடியிருந்தது. புதிதாக வந்ததை அது கடித்துத் துரத்திவிடும் என்று நானே முடிவுசெய்து, இதை ஊறுகாய் பாட்டிலில் விட்டு, வாயை மல்துணியால் கட்டி, அந்த டிராயரிலேயே வைத்தேன். சித்தியின் புடவைகள் எல்லாம் டிரங்க் பெட்டியில் இருந்தன. பீரோ காலியாகத்தான் இருந்தது.

சுவரில் ஓடும் பல்லியை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்கு உள்ளே நிற்கும் பல்லியை அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு விரலின் அடியிலும் சீப்புப் பற்கள்போல வரிவரியாக மடிப்புகள். தொண்டைக்குக் கீழே, தோலுக்குள், கடுகளவு ஏதோ ஒன்று விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு இமையே இல்லை. நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொண்டது. என் நாக்கு மூக்கைக்கூடத் தொடாது. அதற்குப் பிறகு எத்தனையோ கோபுரங்களை அண்ணாந்து பார்த்தாயிற்று. அந்த ஊறுகாய் பாட்டிலின் முன் உட்கார்ந்ததுபோல் மூச்சை அடக்கி எங்கும் உட்கார்ந்ததில்லை.

ஆனால் அது எதையும் தின்னவில்லை. சனிக்கிழமை: "ஈ ஒன்று, கரப்பான் குஞ்சு ஒன்று. தொடவில்லை." ஞாயிறு: "ரவை, முட்டை மஞ்சள் கரு, வறுத்த மல்லாட்டை ஒன்று. தொடவில்லை." மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. கரப்பான் குஞ்சு பல்லியின் முதுகிலேயே ஏறி நடந்தது. அப்போதும் அது அசையவில்லை.

சித்தப்பாவுக்குச் சரக்கு ரயிலில் வேலை. சனிக்கிழமையே கிளம்பிப் போய்விட்டார், வர நாலு நாள் ஆகும். சாப்பாட்டு நேரத்தில் அம்மா, "இன்னும் ரெண்டு இட்லி வெச்சிக்கோ" என்பாள். சித்தி, "போதுங்க்கா" என்பாள். எனக்கு இருந்த கவலையெல்லாம் பாட்டிலைப் பற்றித்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தபோது பல்லி வெளுத்திருந்தது. சுண்ணாம்பு அடித்ததுபோல், கண் உட்பட, ஒரே வெள்ளை. அத்தை சொன்னது நினைவுக்கு வந்தது. சித்தியை மட்டும் கூப்பிட்டுக் காட்டினேன். பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"திண்டிவனத்துக்கு சாயங்காலத்துல பஸ்ஸு எத்தினி மணிக்கு பாப்பா?"

பஸ் நேரங்களை மனப்பாடம் செய்வது அப்போதே என் பைத்தியம். ஐந்தே காலுக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று, ஐந்தே கால் பஸ்ஸில் போனால் உட்கார இடம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, அன்றைய தாளிலும் குறித்துவைத்தேன்.

"எதுக்கு சித்தி?"

"இதுக்கு இந்த ஊரு ஒத்துக்கல. நாளைக்கும் இப்படியே இருந்துச்சுன்னா எடுத்துக்கினு போய் எங்க ஊட்லயே உட்டுர்றேன். யார்கிட்டயும் சொல்லாத, இன்னா?"

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் பல்லி பிழைக்க வேண்டுமே. சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகவில்லை. மத்தியானம் அம்மாவும் அத்தையும் படுத்துத் தூங்கினார்கள். நாலரை மணிக்குச் சித்தி நல்ல புடவை உடுத்தித் தலைவாரிக்கொண்டு நின்றாள். தாளில் சாமான்களைக்கூடக் குறித்திருக்கிறேன்: "டிரங்க் பெட்டி ஒன்று. வயர் கூடை ஒன்று. கூடையில் பாட்டில்."

"ஒரே ஒரு தரம் பாத்துக்கிறேன் சித்தி" என்று கெஞ்சிப் பாட்டிலை வெளியே எடுத்தேன்.

பல்லி மூக்கைக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டிருந்தது. தேய்த்த இடத்தில் வெள்ளைத் தோல் பிளந்து, உதட்டோரமாகச் சுருண்டது. தலையைத் திருப்பித் தன் தோளைத் தானே கவ்வி இழுத்தது. வெங்காயச் சருகுபோல் மெல்லிய தோல் உரிந்து வந்தது. அடியில் இன்னொரு பல்லி இருந்தது! பழுப்பும் சாம்பலுமாய்ப் புள்ளி புள்ளியாக, அப்போதுதான் ஈரத் துணியால் துடைத்து வைத்ததுபோல். உரித்த தோலை அது கீழே போடவில்லை. மென்று விழுங்கியது.

"அம்மாடி!" என்று சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சட்டையக் கழட்டித் தானே தின்னுது பாரேன்!"

பிறகு கையைத் தூக்கி, விரல் விரலாக வாயால் பிடித்து இழுத்தது. ஐந்து விரலும் கிழியாமல் முழுக் கையுறையாக வந்தது. நாங்கள் இருவரும் பாட்டிலில் நெற்றி முட்டப் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தியின் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டே பார்த்தாள்.

கடிகாரம் ஐந்து அடித்தது. "சித்தி, பஸ்ஸு போயிடும்."

"இரு பாப்பா. இன்னொரு கை பாக்கி இருக்குது."

அந்தக் கையும் முடிந்தது, வயிறும் முடிந்தது. கடைசியில் மொண்ணை வால் வரைக்கும் புதிதாகி நின்றது. சித்தியின் கன்னம் நனைந்திருந்தது. பல்லி பிழைத்த சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு மழை வந்தது. விட்டதும் சமையலறை விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தது. சித்தியே பாட்டிலைக் கொண்டுபோய், துணியை அவிழ்த்து, சுவரோரம் சாய்த்துப் பிடித்தாள். பல்லி வெளியே வந்து நின்று பார்த்தது. பிறகு ஒரே பாய்ச்சல். ஒரு ஈசல், இரண்டு, மூன்று. குண்டுப் பல்லி கதவுக்கு மேலேயே இருந்தது, கிட்டே வரவில்லை.

"விளக்கு வெச்ச நேரத்துல ரெண்டு பேரும் இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?" என்று அம்மா வந்தாள்.

"அக்கா, ரொம்பப் பசிக்குது. தோச மாவு இருக்குதுங்களா?" என்றாள் சித்தி.

மறுநாள் காலையில் சித்தி டிரங்க் பெட்டியைத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாக பீரோவில் அடுக்கினாள். என் டிராயரையும் விடவில்லை. பல்லிக்கு இடமில்லாமல் செய்துவிட்டாள் என்று அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமைத் தாளை இப்போதும் எடுத்துப் படிக்கிறேன். உரித்த தோல், தின்ற ஈசல், தவறிய பஸ் எல்லாம் ஒழுங்காகக் குறித்திருக்கிறது. ஒரு பல்லியைக் கொண்டுபோய் விட்டு வருகிறவளுக்கு டிரங்க் பெட்டி எதற்கு என்று மட்டும், அதை எழுதிய கைக்குத் தோன்றவே இல்லை.