பாலுச் என்ற பெயரில் ஆடியவன்

செய்தித்தாள் கைக்கு வந்ததும் என் சித்தப்பா ஓண்ட்ரே பாலுச் ஃபுட்பால் பக்கத்தைத்தான் முதலில் விரிப்பார். யார் ஜெயித்தார்கள் என்று பார்க்கமாட்டார். ஆட்டச் செய்திக்கு அடியில் பொடி எழுத்தில் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் போட்டிருப்பார்களே, அவற்றைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவியபடி படிப்பார். முடித்ததும், "பாதி பொய்" என்று சொல்லித் தாளை அடுப்புப் பக்கம் எறிவார். நான் பள்ளிக்குப் போன நாளிலும் இதைத்தான் செய்தார், எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி முடித்து நான் திரும்பியபோதும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

சித்தப்பாவை யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது. எங்கள் ஊரான டார்லியின் எஃகு ஆலையில் உலைக்கு முன்னால் நிற்கிற வேலை. யாரிடமாவது சண்டை போட்டு ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊர் அணிக்கு ஆடப் போவார். காலால் உதைத்து ஆடுகிற ஃபுட்பால் அல்ல இது, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். வரிசையின் நடுவில் குனிந்து நின்று, எதிரே இருப்பவனை நெஞ்சால் முட்டித் தள்ளி, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் ஓடி வருகிறவனுக்கு வழி திறந்துவிட வேண்டும். அதுதான் அவருடைய இடம். ஓடுகிறவன் பெயரைத்தான் ஜனங்கள் கூவுவார்கள். வழி திறந்தவன் பெயரை அல்ல. குடியிருந்த வீடு ஆலைக்குச் சொந்தம், உலையும் ஆலைக்குச் சொந்தம். அந்த வரிசையில் அவர் நின்ற இரண்டடி மண் மட்டும் தனக்குச் சொந்தம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானாகத்தான் சொல்கிறேன். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டுப் பருவத்தில் டார்லி அணி தோற்கவே இல்லை. ஆனால் ஒரு ஆட்டமும் சண்டையில்லாமல் முடியவும் இல்லை. ஆடுகளத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவில் வேலி கிடையாது. ஜனங்கள் கோட்டின் மேலேயே நிற்பார்கள். கோட்டோரமாக ஓடி வருகிற வெளியூர்க்காரனைப் பெண்கள் குடைக்கம்பியால் குத்துவார்கள். என் அம்மாவும் குத்தியிருக்கிறாள். ஏன் என்று கேட்டபோது, "அவங்க ஊருக்கு நம்மாளுங்க போனா கும்பிடவா போறாங்க?" என்றாள்.

நவம்பர் கடைசி ஞாயிறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெய்ன்போர்ட்டோடு ஆட்டம். நாலு வருடத்துக்கு முன்னால் நடந்த அடிதடியில் நின்றுபோயிருந்த ஆட்டம் அது. மறுபடி ஆட வெய்ன்போர்ட் ஒரு நிபந்தனை வைத்தது. பருவம் முழுக்க ஆடினவர்கள்தான் இறங்க வேண்டும், கூலிக்கு வெளியாள் கூடாது. இரண்டு ஊர் மேனேஜர்களும் கைகுலுக்கினார்கள். இரண்டு பேரும் அன்று சாயங்காலமே வெளியாள் தேடக் கிளம்பினார்கள்.

எங்கள் மேனேஜர் க்ளைட் வனோய். சுருட்டுக் கடை வைத்திருந்தான். சித்தப்பாவை அவன் கடைக்குக் கூப்பிட்டனுப்பியபோது என் அப்பாவும் கூடப் போனார். அவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

"ஓண்ட்ரே, இந்த ஒரு ஞாயித்துக்கிழமைக்கு உன் பேரு வேணும்" என்றான் வனோய்.

"பேரா? அதை வச்சு என்ன பண்ணப் போற?"

"காலேஜ்லேருந்து ஒரு பையன் வர்றான். காசுக்கு ஆடுறான்னு தெரிஞ்சா அங்கேருந்து துரத்திடுவாங்க. இங்க வெய்ன்போர்ட்காரன் வேற வெளியாள் கூடாதுங்கிறான். உன் பேர்ல ஆடிட்டுப் போகட்டும்."

"அப்ப நான்?"

"கூட்டத்துல நில்லு. தொப்பியை நல்லா இறக்கி விட்டுக்க."

"என்னை விட நல்லாத் தள்ளுவானா?"

"உன்னை விட வேகமா ஓடுவான்யா. நீ ஓடி யாரு பார்த்திருக்கா, சம்பளத்தன்னிக்குத் தவிர."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"அடுத்த வருஷம் என் இடம்?"

"உன்னோடதுதான். கடை மேல சத்தியம்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சித்தப்பா சம்மதித்தார். ஆட்டத்துக்குப் போடுகிற தன் கம்பளிச் சட்டையையும், தலையில் அடிபடாமல் இருக்க மாட்டுகிற தோல் தொப்பியையும் கொண்டுபோய் வனோயிடம் கொடுத்தார்.

ஆட்டத்தன்று மழை. கோட்டோரம் கூட்டத்தில் சித்தப்பாவும் அப்பாவும் நின்றார்கள். "பாலுச்" என்று தன் அணிக்காரன் கூப்பிட்டபோது அந்தப் பையன் திரும்பவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டதும் தூக்கத்திலிருந்து எழுந்தவன் மாதிரி பார்த்தான்.

"உன் பேரு அவனுக்குப் பிடிக்கல போல" என்றார் அப்பா.

"மூடு" என்றார் சித்தப்பா.

பையன் நன்றாகத்தான் ஆடினான். சித்தப்பாவே அதை ஒத்துக்கொண்டாராம். பிற்பாதியில் வெய்ன்போர்ட்டின் ஓரின் டக்கெட் பந்தோடு ஓடி வந்தான். அவன் நிஜமாகவே வெய்ன்போர்ட்காரன், ரயிலில் பிரேக் பிடிக்கிறவன். வழுக்கி விழுந்தான். விசில் ஊதியாகிவிட்டது. பந்தை விட்டுவிட்டு எழப் போனவனின் முழங்கால் மேல் அந்தப் பையன் இரண்டு காலாலும் குதித்தான். சித்தப்பாவுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நடந்தது அது. எலும்பு போன சத்தம் கேட்டதாக அப்பா சொன்னார். கூட்டம் "பாலுச்! பாலுச்!" என்று கத்தியது. அவர் பெயரை ஊர் கூவியது அன்றுதான்.

டக்கெட்டை ஒரு கதவுப் பலகையில் தூக்கிப்போனார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து கரிக்கட்டி பறந்து வந்தது. நாங்கள் ஜெயித்தோம். பையன் குளித்து, தலை வாரி, ரயில் ஏறிப் போனான். அவன் உண்மையான பெயர் என்னவென்று சித்தப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சித்தப்பாவுக்குத் திருட்டுச் சாராயம் ஓசியில் கிடைத்தது. தூரத்தில் நின்று பார்த்தவர்கள் அவர்தான் ஆடினார் என்று நம்பினார்கள். கிட்டத்தில் நின்றவர்களுக்கும் அப்படி நம்புவதுதான் பிடித்திருந்தது. அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. குடித்தார்.

செப்டம்பரில் சட்டையைக் கேட்டு வனோயிடம் போனார்.

"முடியாது ஓண்ட்ரே. பாலுச் இருந்தா ஆட வரமாட்டோம்னு வெய்ன்போர்ட்காரன் சொல்லிட்டான். அவன் வரலைன்னா நமக்கு எவன் டிக்கெட் வாங்குவான்?"

"அது நான் இல்லைன்னு அவங்ககிட்டச் சொல்லு."

"சொன்னா ஜெயிச்சது போயிடும். ஊரு என் கடையைக் கொளுத்திடும். உன்னையும் உள்ள வச்சுத்தான் கொளுத்தும்."

சித்தப்பா கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்தார். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. பாலத்தைக் கடந்துபோய் அவரே உண்மையைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அவருடைய இடத்தில் வேறு ஒருவன் ஆடினான். இரண்டு பருவம் கழித்து அணியே இல்லாமல் போயிற்று.

டக்கெட் எங்கள் வீட்டுக்கு வந்தது பல வருடங்களுக்குப் பிறகு. ஆலை பாதி மூடிக் கிடந்தது. கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல் நான் வீட்டில் இருந்தேன். சித்தப்பா முட்டைக்கோஸும் மாவுருண்டையும் தின்றுகொண்டிருந்தார். டக்கெட் கைத்தடியை ஊன்றி உள்ளே வந்து, கேட்காமலே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மடங்காத காலை மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டார். ரயில் வேலை போய் இப்போது செருப்புத் தைக்கிறார்.

"ரொட்டி வாங்குற வரிசையில ஒருத்தன் உன்னைக் காட்டி, இவன்தான் பாலுச்னான்" என்றார். "என் மேல குதிச்சவன் முகம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. அவனுக்கு மூக்கு நேரா இருந்துச்சு. உன்னுது நாலு பக்கமும் கோணிக் கிடக்கு. இது போன வாரம் கோணின மூக்கு இல்ல."

சித்தப்பா மென்றுகொண்டே இருந்தார்.

"இத்தனை வருஷம் தப்பான ஆளைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன். யாரு அது?"

"நான்தான்."

"பொய்."

"நான்தான்னு சொல்றேன்ல. பாலுச் நான்தான். இன்னொரு பாலுச் எங்க இருக்கான்?"

டக்கெட் என்னைப் பார்த்தார். "நீ படிச்ச பொண்ணுதானே, உங்க சித்தப்பாவுக்குப் புரியிற மாதிரி சொல்லு. செஞ்சவன்னா மன்னிப்புக் கேக்கணும். செய்யலைன்னா செஞ்சது யாருன்னு சொல்லணும். ரெண்டுல ஒண்ணு எனக்கு வரணும்."

"அவ காலேஜ்காரி" என்றார் சித்தப்பா. "அவளுக்கு இதெல்லாம் தெரியாது. உனக்கு ஒண்ணும் வராது. எழுந்து போ."

தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட டக்கெட்டுக்கு அது ஒரு பதிலாக இருந்திருக்கும். அதைக்கூட ஏன் சொல்லவில்லை? ஊர் ஒரே ஒரு முறை கூவிய பெயரை விட மனம் வரவில்லையா? கைக்கெட்டும் தூரத்தில் நின்றும் தடுக்காததால், தானும் செய்ததாகவே எடுத்துக்கொண்டாரா? இல்லை, அது வெறும் வீம்புதானா? ஒவ்வொரு முறை யோசிக்கும்போதும் எனக்கு வேறு விடை வருகிறது. படித்ததனால் வந்த வியாதி இது என்று அவர் சொல்லியிருப்பார்.

டக்கெட் எழுந்திருக்க நேரம் பிடித்தது. யாரும் கை கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. வாசலில் திரும்பி, "பாக்கி இருக்கு பாலுச்" என்றார்.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் சித்தப்பா நெஞ்சுச் சளி முற்றிச் செத்துப்போனார். பாலத்துக்கு அந்தப் பக்கம் டக்கெட் இன்னும் செருப்புத் தைத்துக்கொண்டிருக்கிறார். சித்தப்பாவுக்காக நான் போய் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அவர் கேட்க மறுத்ததை அவர் பெயரில் நான் எப்படிக் கேட்பது? குதித்தவன் பெயரைச் சொல்லலாமென்றால், அது எனக்கும் தெரியாது. இரண்டில் ஒன்றும் டக்கெட்டுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.