அணைக்கு இன்னும் இரண்டு இடம்

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துபோன பிறகு மருத்துவர் நான்கு காரியங்கள் சொன்னார். உப்பைக் குறைக்க வேண்டும். சர்க்கரையை நிறுத்த வேண்டும். மாத்திரையைத் தவறவிடக் கூடாது. தினமும் நடக்க வேண்டும். முதல் மூன்றையும் அம்மா எடுத்துக்கொண்டாள். நான்காவது எனக்கு வந்தது.

அப்பா நடக்க மறுத்தார். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார், வாசற்படியைத் தாண்ட மாட்டார். கரும்பு ஏற்றிய டிராக்டரை ஆலைக்கு ஓட்டிப் பிழைத்தவர் அவர். கச்சிராயபாளையம் சாலையில் அவருடைய வண்டிச் சத்தம் தெரியாத கடை இல்லை. அந்தச் சாலையின் ஓரமாகக் காலை இழுத்துக்கொண்டு போக அவருக்கு மனமில்லை.

"ரோட்ல போனா நாலு பேரு இன்னா ஆச்சின்னு கேப்பான். நாலு பேருக்கும் ஒரே கதைய சொல்லிகினே நடக்கணும். வாயி வேற கோணிக்கினு கீது. வேணாம்மா."

நான் பொறியியல் படித்தவள். சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே செயலிகளைச் சோதித்துக் கொடுக்கிறேன். அப்போது என் கையில் இருந்தது பாஸ்டன் நகரத்தில் நடந்து சுற்றிப் பார்ப்பவர்களுக்கான செயலி. இங்கிலாந்துக்காரர்கள் அந்த ஊரை ஆண்ட காலத்துக் கட்டடங்களும் கல்லறைகளும் அங்கே இன்னும் இருக்கின்றன. தரையில் சிவப்புச் செங்கல்லால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் ஒவ்வொன்றாக வரும். எங்கள் செயலியில் பதினோரு இடங்கள். பயணி ஓர் இடத்தை நெருங்கியதும் அதன் கதையைக் காதுக்குள் ஒரு குரல் சொல்லத் தொடங்கும். நான் பாஸ்டனுக்குப் போனதில்லை. சென்னை விமான நிலையத்தையே வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பதினோரு இடங்களும் எனக்கு வரிசை மாறாமல் தெரியும்.

அந்தச் சமயத்தில் ஒரு குறை வந்திருந்தது. மிக மெதுவாக நடப்பவர்கள் நடையை முடித்துக்கொண்டதாகச் செயலி நினைத்துக்கொண்டது. நான்கு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் சுற்றுலா முடிந்தது, நன்றி என்று சொல்லி நின்றுவிடும். வயதான பயணிகள் புகார் எழுதியிருந்தார்கள். எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று கண்டுபிடித்துச் சொல்வது என் பொறுப்பு. எங்கள் குழுவில் எல்லோருக்கும் முப்பதுக்குள் வயது. மெதுவாக நடக்கச் சொன்னால் நடித்தார்கள்.

பாஸ்டன் பாதையின் நீளம் சுமார் நான்கு கிலோமீட்டர். எங்கள் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோமுகி அணைக்கரை வரை வரைபடத்தில் அளந்தேன். கிட்டத்தட்ட அதே தூரம் வந்தது. அங்கே ஓர் இடத்துக்கும் அடுத்ததுக்கும் எத்தனை மீட்டரோ, அத்தனை மீட்டர் விட்டு எங்கள் சாலையில் பதினோரு புள்ளிகளை வைத்தேன். சோதனைக்காக என் போனில் மட்டும். பிறகு அப்பாவிடம் போனேன்.

"மெதுவா நடக்கிற ஆளு ஒருத்தர் வேணும்பா. எங்க ஆபீஸ்ல யாருக்கும் வரல."

"அதுல நான் கில்லாடின்றியா?"

"ஆமா."

வாயின் நல்ல பக்கத்தால் சிரித்தார். மறுநாள் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தார்.

பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் பார்த்துவிட்டார். "இன்னாண்ணா, இவ்ளோ நாளா ஆளையே காணோம். எங்க போய்க்கினு இருக்க?"

"பாப்பா ஆபீஸ் வேலையா ஒரு எடத்துக்குப் போறேன்பா" என்றார் அப்பா. நாலு பேருக்கும் சொல்ல அவருக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது.

முதல் இடம் நகரத்தின் நடுவே இருக்கும் பெரிய புல்வெளி. ஒரு காலத்தில் ஊர்க்காரர்கள் பசு மேய்த்தது, பிறகு சிப்பாய்கள் கூடாரம் அடித்தது. குரல் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"மேய்க்கால் புறம்போக்கா?" என்றார். "அத்தக் காட்டவா காசு வாங்குறான்? பட்டா யாரு பேருல கீது?"

"யாரு பேர்லயும் இல்லப்பா. ஊருக்குப் பொது."

"நம்ம ஊரா இருந்தா இந்நேரம் அதுல ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருப்பானுங்க."

இரண்டாவது இடமான தேவாலயத்துக்கு முன்பே ஒரு மைல்கல்லில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. நான்கு நிமிடம் ஆனதும் குரல் நன்றி சொன்னது.

"இன்னா சொல்றான்?"

"சுற்றுலா முடிஞ்சிடுச்சாம்."

"நான் நடந்துகினுதான கீறேன். முடிஞ்சிடுச்சின்னு சொல்றதுக்கு அவன் யாரு?" உண்மையாகவே கோபம். அந்தக் கோபத்திலேயே தேவாலயம் வரை போனார். அடுத்த நாள் நான் கூப்பிடும் முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது இடம் கல்லறைத் தோட்டம். பஸ் ஸ்டாண்டிலிருந்து அரைக் கிலோமீட்டர். அது சரியாக எங்கள் வீட்டு வாசலில் வந்து விழுந்தது. தூரத்தை மட்டும் பார்த்துப் புள்ளி வைத்ததில் அது என் கண்ணில் படவில்லை. அங்கே வந்ததும் குரல் பேச, அப்பா கேட்க, நான் சொல்ல, அம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டாள்.

"இன்னாடி இது, வூட்டு வாசல்ல சுடுகாடு?"

"சுடுகாடு இல்லம்மா, கல்லறை. அதுவும் பாஸ்டன்ல."

"எந்த ஊரா இருந்தா இன்னா? அப்பால தள்ளி வையி."

"தள்ள முடியாதும்மா. நாப்பது மீட்டர் தள்ளினாக்கூட அடுத்தது எல்லாமே மாறிடும்."

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. தள்ளியிருக்கலாம். ஒரு மாலை வேலை, ஒன்பது புள்ளிகளை மாற்றி எழுத வேண்டும். எனக்கு அது அவசியமாகத் தெரியவில்லை.

அம்மா வாதாடவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். "கால கழுவிக்கினு உள்ள வாங்க, ரெண்டு பேரும்." சாவு வீட்டுக்குப் போய் வந்தால் எங்கள் பக்கத்தில் கால் கழுவாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டோம். அப்பா சிரித்துக்கொண்டே இடது காலை நீட்டினார். வலது காலுக்கு அம்மாவே குனிந்து தண்ணீர் விட்டாள். அன்று முதல் நாங்கள் திரும்பி வரும் நேரத்துக்குச் சொம்பு வாசலில் தயாராக இருக்கும். "பாஸ்டன் சாவுக்குப் போயிட்டு வர்றோம்" என்பார் அப்பா. "வாய கழுவுங்க மொதல்ல" என்பாள் அம்மா.

மூன்றைத் தாண்டிய பிறகு நடையைத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டோம். முன்பு விட்ட இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்துவேன். அடுத்த இடம் வரை நடப்போம். அவரை உட்காரவைத்துவிட்டு நான் ஓடிப்போய் வண்டியை எடுத்து வருவேன். ஓர் இடத்தை நிற்காமல் எட்ட ஒரு வாரம் ஆகும், சில சமயம் இரண்டு. அவர் நிற்கும் நேரத்தையெல்லாம் குறித்துக்கொண்டேன். எட்டினால் செயலியில் அந்த எண் பச்சையாகும். அப்பா அந்தப் பச்சையைப் பார்க்காமல் வண்டியில் ஏற மாட்டார். பதினோராவது அணைக்கரையில் பச்சையாக வேண்டும், நடந்தே, யாரும் பிடிக்காமல். அதற்குப் பிறகு டிராக்டரில் ஏறிப் பார்ப்பதாக அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. அம்மாவுக்குத் தெரியாது.

ஐந்தாவது இடம், ஊர்க்காரர்கள் கூடிப் பேசிய ஒரு மண்டபம். அங்கே பேசி முடித்துவிட்டுத்தான் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலில் இருந்த தேயிலையைக் கடலில் கொட்டினார்களாம்.

"அவ்ளோத்தையும் கொட்டிட்டானுங்களா?"

"பெட்டி பெட்டியா."

"பாவிங்க." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "சக்கரை இல்லாத டீயா இருந்தா கொட்டலாம்தான்" என்றார். "ஆமா, அவனுங்களும் வெள்ளக்காரன்தான? வெள்ளக்காரன வெள்ளக்காரனே ஆண்டானா?"

"ஆமாப்பா."

"அப்ப நம்மள ஆண்டதுல ஆச்சரியமே இல்ல."

ஏழாவது, சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்ட இடம். தரையில் கல் பதித்த ஒரு வட்டம். அதற்குப் போகும் வழியில்தான் அவர் அதிக நேரம் நின்றார். ஒரு வயலில் கரும்பு வெட்டி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பதினான்கு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டுகள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன, ஆலைக்குப் போகும் முன்பு சரியும் என்றார். யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. நான் பதினான்கு என்று குறித்துக்கொண்டேன்.

ஒன்பதாவது இடத்தை நான்காம் மாதத்தில் எட்டினோம். உயரமான கோபுரம் உள்ள ஒரு பழைய தேவாலயம். எங்கள் சாலையில் அது ஒரு சிறிய பாலம். பாலக்கட்டையில் உட்கார்ந்தால் கல்வராயன் மலை முழுதும் தெரியும், அதன் அடியில் அணைக்கரையும் கோடு போட்டதுபோலத் தெரியும். மீதி ஒன்றரைக் கிலோமீட்டர். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவேதான் மொத்தப் பாதையில் நீளமான துண்டு.

அப்பாவுக்கு அன்று முகம் வெளுத்திருந்தது. பச்சையைக் காட்டினேன். பார்த்துத் தலையாட்டினார்.

"மீதி ரெண்டு இடம் இன்னா?"

"ஒரு பழைய கப்பல். அப்புறம் மலை மேல ஒரு கல் தூண். உள்ள படி இருக்கு, ஏறிப் பாக்கலாம்."

கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கி வண்டியிலயே போய் அந்த ரெண்டையும் பாத்துட்டு வந்துடலாமாம்மா? கரை மேல காத்து நல்லா இருக்கும்."

"நடந்துதான்பா. வண்டியில போனா கணக்குல வராது."

"உன் கணக்கு உங்கப்பன விடப் பெருசு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "சரி, வண்டிய எடுத்துகினு வா. வூட்டுக்குப் போலாம்."

வண்டியைத் திருப்பினேன்.

நான்கு நாள் கழித்து, பல் தேய்க்கப் போனவர் குழாயடியில் விழுந்தார். கள்ளக்குறிச்சிக்கு எடுத்துப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அவரைத் தூக்கியபோது நானும் அம்மாவும் வாசலோடு நின்றுகொண்டோம். வாசலில் போட்ட பந்தலின் நடுக்கால் நட்டிருந்த இடம்தான் மூன்றாவது புள்ளி என்று எனக்கு மீட்டர் கணக்கில் தெரியும். போய்த் திரும்பியவர்கள் அங்கே வைத்திருந்த அண்டாவில் கால் கழுவினார்கள். அம்மா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புள்ளி வைத்ததால் ஒருவர் சாவதில்லை. அது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அணையை அவர் வாழ்நாளில் எத்தனையோ தடவை பார்த்தவர் என்பதும் தெரியும். இப்படித் தெரிந்தவற்றை வரிசையாக எழுதிவைத்துப் பார்த்தேன். ஏழு வந்தது. ஏழும் சரிதான். நான் வண்டியைத் திருப்பியது அந்த ஏழில் எதற்குள்ளும் அடங்கவில்லை.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் என் அறிக்கையைக் கொடுத்தேன். செயலி பதினான்கு நிமிடம் பொறுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். நடுத்தெருவில் யார் பதினான்கு நிமிடம் நிற்பார்கள் என்று குழுத் தலைவர் கேட்டார். நிற்பவர்கள் இருக்கிறார்கள், அளந்திருக்கிறேன் என்றேன். ஏற்றுக்கொண்டார்கள். பாஸ்டனில் யாராவது ஒரு பெரியவர் இப்போது சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றால், அவ்வளவு நேரத்துக்கு அந்தக் குரல் ஒன்றும் சொல்லாது.

என் போனிலிருந்த எங்கள் சாலையின் புள்ளிகளை அழிக்க மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். அழிக்கவில்லை. ஒரு காலையில் பஸ் ஸ்டாண்டில் தயிர் வாங்கிக்கொண்டு நடந்து வந்தேன். வாசலை நெருங்கியதும் பைக்குள் போன் பேசத் தொடங்கியது. கல்லறைத் தோட்டத்தின் கதை. நான் பையைத் திறப்பதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டாள். கையில் சொம்பு. குரல் கேட்டதும் கை தானாக எடுத்திருக்கிறது. என் பக்கத்தில் ஆள் இல்லாததைப் பார்த்த பிறகுதான் நின்றாள்.

போனை நிறுத்தினேன். திரையில் ஒன்பது பச்சை, இரண்டு சாம்பல்.

"நாப்பது மீட்டர் தள்ளி வெச்சிடறேம்மா" என்றேன்.

"இப்ப இன்னாத்துக்கு?" என்றாள்.

சொம்பு சாய்ந்திருந்தது. கீழே ஊற்றவும் முடியாமல், உள்ளே எடுத்துப்போகவும் முடியாமல் நின்றாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினேன்.