அஸ்கரி பேகம் வெட்டிய வரி

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் அண்ணன் நூர் பாஷாவின் கேசட் கடையில் பாட்டுப் பதிவு செய்தது அண்ணன் இல்லை. அவர் மனைவி அஸ்கரி பேகம். இதை நாங்கள் வெளியே சொன்னதில்லை. கடைக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை. ஜனங்கள் வேண்டிய பாட்டுகளைச் சீட்டில் எழுதி, வெற்றுக் கேசட்டோடு கொடுப்பார்கள். அண்ணன் அதைத் திரைக்கு அடியில் உள்ளே தள்ளுவார். மறுநாள் பாட்டு ஏறிய கேசட் அதே வழியாக வெளியே போகும்.

"பாய் கை வச்சா சத்தமே தனிங்க" என்பார்கள். உள்ளே பாபி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அண்ணியை நான் பாபி என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் எங்களுக்கு உருது.

சீட்டைப் படித்துச் சொல்வதும் கேசட் அட்டையில் பெயர் எழுதுவதும் என் வேலை. பாபிக்குத் தமிழ் படிக்க வராது. ஆனால் ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும். தபேலா எங்கே நின்று டிரம்ஸ் எங்கே தொடங்குகிறது என்று முழங்காலில் தட்டிக் காட்டுவாள்.

எண்பத்தேழாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. அண்ணன் தொழுகைக்குக் கிளம்பும் நேரத்தில் பள்ளிப்பட்டி ஞானராஜ் வந்தார். மாதா கோயிலில் கிடார் வாசிப்பவர். தானே எழுதி, டிஸ்கோ தாளத்தில் தானே மெட்டுப் போட்டுப் பாடிய பாட்டு ஒன்றைக் கேசட்டில் வைத்திருந்தார்.

"ஒரே ஒரு காப்பி மட்டும் எடுத்துக் குடுங்க பாய். மெட்ராஸ்ல கேசட் கம்பெனிக்காரரு நாளைக்குக் காலைல கேக்கறேன்னு சொல்லியிருக்காரு. ரெண்டேகாலு பஸ்ஸுக்குப் போயாவணும். டிரம்ஸ் வாசிச்ச பையன் பெங்களூரு போயிட்டான். இது போனா வேற கெடையாதுங்க."

கேசட் திரைக்கு அடியில் வந்தது. அண்ணன் போய்விட்டார். ஞானராஜ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே பாட்டுப் பதியும் டெக்குகள் இரண்டு. நல்ல டெக்கில் கல்யாண வீட்டுக்கான பாட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. நிறுத்தினால் முதலிலிருந்து பதிய வேண்டும். பாபி ஒரு கணம் யோசித்துவிட்டு, கேசட்டைப் பழைய டெக்கில் போட்டாள். அதன் ரப்பர் உருளையைத் துடைக்க வேண்டும் என்று பத்து நாளாக அவளே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பல்லவி இரண்டாம் முறை வரும்போது குரல் இழுத்தது, பிறகு முனகியது. பாபி பாய்ந்து நிறுத்தினாள். மூடியைத் திறந்தால், உருளையைச் சுற்றி டேப் கொத்தாகச் சுருண்டிருந்தது.

மணி ஒன்று இருபது.

வெளியே பேச்சுக் கேட்டது. டீக்கடை சென்றாயன். "என்னப்பா, மெட்ராஸ் போனா நாங்கெல்லாம் கண்ணுக்குத் தெரிவமா?"

"மொதல்ல பஸ் ஏற வுடுங்கண்ணா" என்று ஞானராஜ் சிரித்தார்.

பாபியின் உதடு வெளுத்திருந்தது. டேப்பை மெல்ல உருவி எடுத்தாள். நாலு விரல்கடை நீளத்துக்கு அப்பளம் போல நொறுங்கியிருந்தது.

"அதை மட்டும் வெட்டி ஒட்டிடலாம் பாபி."

"வெட்டினா தாளம் நொண்டும், அக்தர். முழு வரியா எடுக்கணும்."

"நல்ல டேப்பையுமா?"

பாபி மிச்சப் பாட்டை நல்ல டெக்கில் போட்டு மெல்லக் கேட்டாள். அதற்காகக் கல்யாணப் பாட்டை நிறுத்தியேவிட்டாள். பல்லவியின் கடைசி வரி மூன்று தடவை வந்தது. கெட்டுப்போனது அதில் நடுத் தடவை. டிரம்ஸ் விழும் இடத்தில் நிறுத்தி, சாக்குக்கட்டியால் புள்ளி வைத்தாள். முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி. பிளேடை எடுத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒட்டி, திருகாணி முடுக்கி, காப்பி எடுத்து முடித்தபோது மணி இரண்டு.

"ஆயிடுச்சுங்களா பாய்? ஒருவாட்டி போட்டுக் காட்டுங்க" என்று வெளியிலிருந்து குரல். உள்ளே இருப்பது அண்ணன் என்றே நினைத்திருந்தார், பாவம். பாபி ஸ்பீக்கரைத் திருப்பி வைத்துப் போட்டாள்.

திரை ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஞானராஜ் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்தது. கை நிற்கவில்லை, தாளம் தப்பவில்லை. முகம் மட்டும் மாறியது. எதையோ தேடுகிற மாதிரி மேலே பார்த்தார்.

பாபி திரைப் பக்கம் நகர்ந்தாள். "சும்மா இரு பாபி" என்று கையைப் பிடித்தேன். அவள் கையை விலக்கினாள்.

"தம்பி, ஒரு வரி போயிடுச்சுங்க. டேப் மாட்டிக்கிச்சு. தப்பு என்னுதுதான்."

கல்யாணமாகி வந்த எட்டு வருஷத்தில் அவள் கடைப் பக்கம் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது.

"யாருங்க... பாய் இல்லீங்களா?"

"அவரு தொழுகைக்குப் போயிருக்காரு. பாட்டு ஏத்தறது எப்பவும் நான்தான்."

சென்றாயன் திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

"மறுக்கா போடுங்க" என்றார் ஞானராஜ். குரலில் கோபமா என்று தெரியவில்லை.

போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பஸ் வந்து நின்று உறுமியது. கண்டக்டர் "சேலம், சேலம்" என்று கத்தினார். நான் கேசட்டை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று எழுந்தேன்.

"அக்கா" என்றார் அவர். "கடைசியா வர்ற பல்லவியிலயும் அந்த வரி மூணு வாட்டி வருது. அங்கயும் ஒண்ணு எடுத்துடலாங்களா?"

"பஸ் போயிடுங்க, தம்பி."

"அடுத்தது மூணே முக்காலுக்கு இருக்குது. சேலத்துல ஓடிப் போயி ரயிலப் புடிச்சுக்கறேன்."

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து அண்ணன் வந்தார். பெஞ்சில் ஞானராஜ் திரையைப் பார்த்துப் பேசுவதையும், உள்ளிருந்து பாபி பதில் சொல்வதையும் கேட்டார். செருப்பைக் கழற்றியவர், குல்லாவைக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்றார்.

திரை அசைந்தது.

"பிளேடு மழுங்கிடுச்சு" என்றாள் பாபி, எல்லாருக்கும் கேட்கும்படி, தமிழில். "புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. சீக்கிரம்."

அண்ணன் ஞானராஜைப் பார்த்தார், சென்றாயனைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பெட்டிக்கடைப் பக்கம் போனார்.