வாயால் வாள் ஓட்டியவர்

ஆட்டுக் கொட்டில் கட்டுவதற்காக, பலகை அறுக்கும் மின்சார வட்ட வாள் ஒன்று வாங்க, மனைவியோடு நெடுங்கேணியில் ஒரு கடைக்குப் போனேன். விற்பனையாளராக நின்றவர் ஒல்லியானவர். மூக்கு நுனியில் கண்ணாடி. மெசினைக் காட்டுமுன் ஆளை அளப்பது அவருடைய பழக்கம் போலிருந்தது.

நான் ஆகப் பெரிய வாளைக் கேட்டேன்.

"பலகை என்ன தடிப்பு, அண்ணை?"

"ஒரு அங்குலம்."

"அதுக்கு ஏழு அங்குல வாளே காணும். பெரிசு பாரம், கை உளையும். இதைப் பிடிச்சு வெட்டுங்கோ பாப்பம்."

மின்சாரம் கொடுக்காத மெசினை மேசையிலிருந்த பலகையில் வைத்துத் தள்ளினேன். அவர் வாயால் "ர்ர்ர்" என்று சத்தம் போட்டார். சட்டென்று நிறுத்தினார்.

"அண்ணை, உங்கட இடக்கையில ரெண்டு விரல் போயிட்டுது."

திடுக்கிட்டுக் கையை இழுத்தேன். மறுபடி முயன்றபோது வயரை அறுத்துவிட்டேனாம். மூன்றாம் முறை, வாள் சுழன்று நிற்குமுன் மெசினைத் தூக்கியதால் தொடை போனது. கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.

"அக்கா, நீங்கள் ஒருக்காப் பிடியுங்கோ."

மனைவி இரண்டு கையாலும் பிடித்து நிதானமாகத் தள்ளினாள். "ர்ர்ர்" பலகையின் கடைசி வரை தடங்கலில்லாமல் போய் முடிந்தது.

"மெசினை அக்கா பிடிக்கட்டும். அண்ணை பலகையை அளந்து குடுங்கோ."

"அளவும் நான்தான் எடுப்பன்," என்றாள் மனைவி.

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அப்ப அண்ணை ஆடுகளைப் பாருங்கோ."

கொட்டில் இப்போது நேராக நிற்கிறது. ஆடுகளை நான்தான் பார்க்கிறேன். முன்பின் தெரியாத அந்த மனிதர் எங்கள் வீட்டு வேலையை இவ்வளவு சரியாகப் பிரித்தது எப்படி என்று இன்னும் யோசிக்கிறேன்.