வெள்ளைத்துரைக்கு ஒதுக்கிய கேசட்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்ட கையோடு, அப்பாவும் மகளும் டேப்ரிக்கார்டரை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, நாடா உரசிப் போகிற ஹெட்டைத் துடைத்தாள். பஞ்சு பழுப்பாக வந்தது. ஆசீர்வாதம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை வாங்கிப் பார்த்தார்.

"இம்புட்டு அழுக்கா? அம்புட்டும் போன கேசட்டுல சோணை பேசுன பேச்சு."

"இன்னொரு தடவ தொடைக்கிறேன்ப்பா."

"நல்லாத் தொட. அடுத்தது வெள்ளைத்துரை. அவன் சுத்தக்காரன்."

பிறகு பேட்டரி மாற்றினார்கள். புதிதாக அவரே வாங்கி வந்திருந்தார். கரண்டில் போடுகிற வயர் வீட்டில் சும்மா கிடக்க, எதற்கு இந்தச் செலவு என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி பாக்கியம் கேட்டாள்.

"ஒத்தக்கடைக்கு மட்டும் பேட்டரிதான். அந்தாளு முன்னால போயி இனிமே கரண்ட நம்ப மாட்டேன்" என்றார் ஆசீர்வாதம்.

மூன்று பேரும் சிரித்தார்கள். சனிக்கிழமை ஒத்தக்கடைக்கு, வெள்ளைத்துரையிடம் போவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை பகலில், பள்ளிக்கூட ஆபீசில், நாற்காலியில் இருந்தபடியே அவர் போய்விட்டார். 1987, ஆடி மாதம். ஐம்பத்து நாலு வயது. நெஞ்சு வலிக்கிறது என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லக்கூட இல்லை.

மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஹார்மோனியம். திருவிழாக் காலத்திலும் முகூர்த்த நாளிலும் மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் ஆர்கன். மதுரை மேடைகளில் அன்றைக்கு ஆர்கன் வைத்திருந்த குழுக்கள் குறைவு. இவருடையது வெளிநாட்டுச் சரக்கு இல்லை. ரேடியோ மெக்கானிக் ஒருவர் டிரான்சிஸ்டர்களைக் கோத்துக் கட்டிக்கொடுத்தது. பெட்டி செய்தவர் ஞானஒளிவுபுரத்தில் சவப்பெட்டி செய்கிற ஆசாரி. அதனால் மூடி மட்டும் அப்படிப் பொருந்தும் என்று ஆசீர்வாதம் எல்லோரிடமும் சொல்வார். வெள்ளிக்கிழமை அதே ஆசாரிதான் வந்தார். மூடி பொருந்தத்தான் செய்தது.

குழுவில் எலக்ட்ரிக் கிடார் வாசித்தவர் வெள்ளைத்துரை. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ஏர் பிடிக்கிற வீட்டில் பிறந்து, மோட்டாருக்குக் காயில் கட்டப் படித்து, எப்படியோ கிடாருக்கு வந்து சேர்ந்தவர். மற்றவர்கள் தவிலும் தபேலாவும் புல்லாங்குழலுமாக இருக்க, பிளக்கைத் தேடி அலைந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். குழுவில் இவர்களுக்குக் 'கரண்டு மாப்ளைங்க' என்று பெயர். ஒரே வேனில் ஏறி, ஒரே இலையில் பொட்டலம் பிரித்து, மேடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஆர்கன் கொடுக்கிற சுதிதான் சுதி. பாட்டுக்காரர் முதல் எல்லாரும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வழக்கம்தான் ஆளைக் கவிழ்த்தது.

1979-ல் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழா. பொழுது சாய்ந்து விளக்குப் போடுகிற நேரத்தில் கச்சேரி தொடங்கியது. ஊர் முழுக்க டியூப்லைட். மேடைக்கு எதிரே மூங்கில் சாரத்தில் கலர் பல்புகளால் அம்மன் உருவம். அம்மனின் கை ஏறி இறங்கும், கண் சிமிட்டும். தோட்டங்களில் பம்புசெட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் வெள்ளைத்துரை குனிந்தார்.

"மாப்ள, உன் ஆர்கன் சுதி எறங்குது."

"மிஷினு எப்படிய்யா எறங்கும்? கம்பிதான் தளரும்."

"நான் கை வைக்கவே இல்ல மாப்ள. வரும்போது சேத்த சுதி."

"இந்தா கேளு. பன்னெண்டு சொரமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துதா? ஒத்தையில நிக்கிறது நீதான்."

பன்னிரண்டும் பொருந்தியது உண்மை. அதனால்தான் ஆசீர்வாதத்துக்கு அவ்வளவு தைரியம். அத்தோடு விட்டிருக்கலாம். எல்லாரும் காத்திருக்கிறார்களே என்று மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "கிடார்காரர் கொஞ்சம் சுதி சேர்த்துக்கிறாரு, பெரியவங்க பொறுத்துக்கணும்" என்று அறிவித்தார். கூட்டம் சிரித்தது. வெள்ளைத்துரை ஆறு கம்பியையும் இறக்கி ஆர்கனோடு சேர்த்தார்.

அடுத்த பாட்டுப் பாதியில் பல்பு அம்மனுக்கு பீஸ் போனது. கண் சிமிட்டியபடியே அம்மன் இருளில் மறைய, கூட்டம் ஓவென்று கத்தியது. அந்தப் பாரம் லைனிலிருந்து இறங்கியதும் ஆர்கன் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. கூடவே பாட்டுக்காரரும் ஏறிவிட்டார். கிடார் மட்டும் கீழே நின்றது.

"ஏலே கிடாரு, கன்னுக்குட்டி கத்துது, அதுக்கு என்ன செய்யுதுன்னு பாரு" என்று முன்வரிசையிலிருந்து ஒருத்தர் கத்தினார். கூட்டம் மறுபடி சிரித்தது.

பாட்டு முடிந்தது. வெள்ளைத்துரை கிடாரை உறைக்குள் போட்டு, பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். மறு வாரம் வரவில்லை. ஒத்தக்கடையில் காயில் கட்டுகிற கடை போட்டார். சாயங்காலம் பையன்களுக்குக் கிடார் சொல்லிக்கொடுத்தார். எதிரில் ஆசீர்வாதம் வந்தால் ரோட்டின் மறுபக்கம் போய்விடுவார்.

"மிஷின்கிட்டத் தோத்துட்டான், ரோசம்" என்று ஆசீர்வாதம் நாலு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

1983-ல் ஜெசிந்தா பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். ஆர்கனுக்கு ஒரு நல்ல பவர் சப்ளை கட்டுவதையே புராஜெக்டாக எடுத்துக்கொண்டாள். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற டிரான்ஸ்பார்மரை லேபில் கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஆர்கனை அதில் மாட்டினாள். பக்கத்தில் ஹார்மோனியத்தை வைத்து, அப்பாவை ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிருக்கச் சொன்னாள். ஹார்மோனியத்துக்குக் கரண்டு வேண்டாம், அது அசையாது.

அவள் குமிழை மெல்லத் திருப்பினாள். முள் இறங்க இறங்க, ஆர்கன் ஹார்மோனியத்தை விட்டுக் கீழே நழுவியது. பன்னிரண்டு சுரமும் ஒரே சப்ளையில் இருந்ததால் கூண்டோடு இறங்கின. தனியாகக் கேட்டால் ஒரு குறையும் தெரியவில்லை. குமிழைத் திரும்ப ஏற்றினாள். ஆர்கனும் ஏறியது.

"இன்னொரு தடவ எறக்கு" என்றார்.

இறக்கினாள்.

"ஏத்து."

ஏற்றினாள். அவர் ஹார்மோனியத்தின் துருத்தியை மூடிவிட்டு எழுந்து போனார். ராத்திரிச் சோற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"அவன் சொன்னதுதான் சரி. நான் மைக்குல வேற சொன்னேன்."

"போயிச் சொல்லிட்டு வாங்க. முடிஞ்சு போச்சு" என்றாள் பாக்கியம்.

சொல்வது சுலபம். ஒரு தடவை ஒத்தக்கடைக்கு டிக்கெட் எடுத்து, இறங்காமல் மேலூர் வரை போய்த் திரும்பினார். கூட்டத்தில் இறங்க முடியவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேலூர் பஸ்ஸில் என்ன கூட்டம் என்று பாக்கியம் கேட்கவில்லை. இன்னொரு தடவை பெரியார் பஸ் நிலையத்திலேயே டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். கடைக்குப் போய் நின்றால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அதை மட்டும் தாங்க முடியாது என்று மகளிடம் சொன்னார்.

ஜெசிந்தா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்து டேப்ரிக்கார்டர் வாங்கியபோது அவருக்கு ஒரு வழி தோன்றியது.

"மதுரைல கரண்டுல வாசிக்கிற அம்புட்டுப் பேர்கிட்டயும் பேசி எடுக்கப் போறேன். எப்படி இதுக்குள்ள வந்தாக, என்னத்த வாசிச்சாக, இப்ப என்ன செய்யிறாக. ஒவ்வொருத்தனா முடிச்சுட்டுப் போனா வெள்ளைத்துரைகிட்டப் போறதும் வரிசையில வந்த மாதிரி இருக்கும்ல?"

"ஒரு ஆளுகிட்ட மன்னிப்புக் கேக்க ஊர் பூராப் பேட்டி எடுக்குற மனுசன இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் பாக்கியம்.

சாக்காகத் தொடங்கியது, போகப் போக அவருக்கே ருசித்துவிட்டது. ஜெசிந்தா மைக்கைப் பிடிப்பாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாரிடமும் ஒரே கேள்வியில் தொடங்குவார். "மொத ஷாக் எங்க அடிச்சுச்சு?" கரண்டில் வாசிக்கிறவனுக்கு அரங்கேற்றம் என்பது அதுதான் என்பது அவர் கட்சி.

குரலுக்கு எதிரொலி சேர்க்கிற எக்கோ மிஷினைக் கையாண்ட சோணை, "வாயிலண்ணே" என்றார். "மைக்க டெஸ்ட் பண்ணும்போது. ஹலோன்னு சொல்ல வந்தேன், ஹ மட்டுந்தான் வந்துச்சு. மிச்சத்த எக்கோகூடக் குடுக்கல."

"நல்லாச் செஞ்சோம்னு எப்பப்பா தோணுச்சு?"

"ஒரு கல்யாணத்துல. கேக்க ஒருத்தன் இல்ல, பூராப் பயலும் பந்தியில. அன்னைக்குத்தாண்ணே எக்கோ கண்ணாடி மாதிரி நின்னுச்சு. வடையில இருந்தவங்க பாயாசத்துக்கு வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

தாளத்தைத் தானே போடுகிற ரிதம் பாக்ஸ் வைத்திருந்த பால்பாண்டி முன்பு டிரம்ஸ் வாசித்தவர். பெட்டி வந்ததும் டிரம்ஸை விற்றுவிட்டுப் பெட்டிக்குப் பட்டன் தட்டினார்.

"பெட்டி சவுரியந்தான?"

"சவுரியந்தாண்ணே. பரோட்டா கேக்காது, சண்ட போடாது, பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்லன்னு லீவு கேக்காது. அதான் சிக்கல். கச்சேரி முடிஞ்சு ஒத்தையில ஒக்காந்து திங்க வேண்டிருக்கு."

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கேசட்டில் ஆசீர்வாதத்தின் சிரிப்பு அவரை விட நீளம்.

ஒரு நாள் ஜெசிந்தா மைக்கை அப்பா பக்கம் திருப்பினாள். "உங்களுக்கு மொத ஷாக் எங்கப்பா?"

"அத நான் சொல்லக் கூடாது. வெள்ளைத்துரைதான் சொல்லணும். வயர்ல ஒட்டிக்கிட்டுக் கெடந்த என்னய ஒதைச்சுப் பிரிச்சவன் அவன். ஓரத்துல ஒக்காந்திருந்தவனுகளுக்கு ஒண்ணும் வெளங்கல. நான் கெடாரிக் கன்னு மாதிரி ஆடுறதப் பாத்துக் கை தட்டுறானுக."

ஒரு புது கேசட்டை எடுத்து, உறையைக்கூடப் பிரிக்காமல், மேலே 'வெள்ளைத்துரை' என்று எழுதி அலமாரியில் வைத்தார். மற்ற எல்லாரும் முடிந்த பிறகு சோணையை ஒத்தக்கடைக்குத் தூது அனுப்பினார். சனிக்கிழமை வரலாமா என்று கேட்டதற்கு, "வந்தா வரட்டும்" என்று மட்டும் சொன்னதாகச் சோணை வந்து சொன்னார். சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்று ஆசீர்வாதம் திரும்பத் திரும்பக் கேட்டார். வெல்டிங் கண்ணாடி போட்டிருந்தார், முகம் தெரியவில்லை என்றார் சோணை.

அடக்கத்துக்கு வெள்ளைத்துரை வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் கடைசி ஆளாக வந்து ஒரு கைப்பிடி மண் போட்டார். அப்படியே பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பி நடந்தார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. அடுத்த சனிக்கிழமை ஜெசிந்தா டேப்ரிக்கார்டரையும் அந்த கேசட்டையும் பையில் போட்டுக்கொண்டு மேலூர் பஸ்ஸில் ஏறினாள். ஒத்தக்கடையில் இறங்கினாள். புது வீடுகளுக்குக் கல் இறக்கிக்கொண்டிருந்த லாரிகளைத் தாண்டிப் போனால் கடை. வெள்ளைத்துரை ஒரு மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கையை விட்டால் சுற்று பிசகும் என்பதால் முடிகிற வரை சுற்றினார். அவள் நின்றாள்.

"ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காரு தாயி."

"அப்பா சனிக்கிழம வாரதா இருந்தாரு மாமா."

"தெரியும். சட்டையத் தேச்சு வச்சிருந்தேன்."

அவள் சொல்லத் தயார் செய்து வந்ததையெல்லாம் விட்டுவிட்டாள். நேரே சொல்லிவிட்டாள்.

"அலங்காநல்லூர்ல எறங்குனது ஆர்கன்தான். மைக்குல சொன்னது தப்பு. அவரு சொல்ல இருந்தது இதுதான் மாமா."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். அவனுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"எம்பத்தி மூணுல. நான்தான் வோல்டேஜக் கொறச்சுக் காட்டுனேன்."

"நாலு வருசமா ஒத்தக்கடைக்கு பஸ் இல்லையாக்கும்."

"ஒரு தடவ மேலூர் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டாரு."

வெள்ளைத்துரை சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் தோள் ஆடிக்கொண்டிருந்தது. கைத்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, மேசை மேலிருந்த செம்புக் கம்பிகளை ஓரமாக ஒதுக்கி இடம் செய்தார்.

"ஏதோ கேள்வி கேப்பானாமே. சோணை சொன்னான். நீ கேளு."

அவள் டேப்ரிக்கார்டரை அங்கே வைத்தாள். கேசட்டின் உறையைப் பிரித்துப் போட்டாள். அவர் குனிந்து பார்த்தார்.

"கரண்டா, பேட்டரியா?"

"பேட்டரி. அப்பா வாங்கிப் போட்டது."

"அப்பச் சரி."

பட்டனை அழுத்தினாள். அப்பாவைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மொத ஷாக் எங்க அடிச்சுச்சு மாமா?"

"எனக்கா, உங்கப்பனுக்கா?" என்றார் வெள்ளைத்துரை. "ரெண்டும் ஒரே நாளுதான்."