காலண்டரில் பென்சில் சிலுவைகள்

1937இல் லூசியேனுக்குப் பத்தொன்பது வயது. சைகோன் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டம். நானூறு மீட்டரில் அவளை முந்தும் பெண் பிரெஞ்சுக்காரர்கள் ஆளும் தெற்கு வியட்நாமான கொச்சின்சீனாவில் இல்லை. அடுத்த ஞாயிறு இறுதிப் பந்தயம். அதில் ஜெயித்தால் கப்பலேறி ஹனோய்க்குப் போய் ஓடலாம்.

போன பந்தயத்தில் தோற்ற பெண்ணின் தகப்பன் ரப்பர் தோட்ட முதலாளி. உயரத்தையும் தோளையும் பார்த்தால் இது பெண்தானா என்று அவர் ஓட்டப்பந்தயச் சங்கத்துக்கு எழுதிப் போட்டார். சங்கம் லூசியேனுக்கு மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பியது: டாக்டரின் சான்றிதழ் இருந்தால் ஓடலாம்.

"கேட்டா குடுத்துட்டுப் போறோம்" என்றார் அப்பா அகுஸ்தேன். காரைக்காலிலிருந்து வந்து சைகோன் டிராமில் டிக்கெட் பரிசோதகர் ஆனவர். காகிதத்தைக் காட்டினால் எந்தத் தகராறும் தீரும் என்று நம்புகிறவர். அம்மா தனக்கொடி மட்டும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

பதினாறு முடியும்வரை லூசியேன் ஆளாகவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரிக்கத் தொடங்கினார்கள். மாதா கோவிலுக்குப் போகும் வேதக்காரர்களானாலும் காரைக்காலில் ஆளான சடங்கை யாரும் விடுவதில்லை. ஒருநாள் தனக்கொடி மகளை மணையில் உட்காரவைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். ஐம்பது பேருக்குப் புட்டு அவித்துப் போட்டாள். இன்றோ நாளையோ வரத்தானே போகிறது, சடங்கு கொஞ்சம் முந்திக்கொண்டால் என்ன என்று நினைத்தாள்.

வரவே இல்லை.

அதன்பிறகு அந்தப் பொய்யைச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருந்தது. டிராம் கம்பெனி கொடுக்கும் காலண்டரில் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை பென்சிலால் சிலுவை போட்டாள். அந்த மூன்று நாளும் லூசியேன் வேலைக்குப் போகலாம், ஓடப் போகக் கூடாது. தனிப்பாயில் படுக்க வேண்டும். மூன்று வருஷமாக இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

டாக்டரிடம் போகும்போது தனக்கொடி மூன்று காலண்டர்களையும் சுருட்டி எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. லூசியேன்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

"சாட்சி இருக்குன்னு சொல்லு. ஒரு மாசம் தப்பினதில்ல."

லூசியேன் அப்படியே சொன்னாள். வெள்ளைக்கார டாக்டர் தாள்களைப் புரட்டினார். விரலை வைத்து நாட்களை எண்ணினார். பிறகு சிரித்தார்.

"மதாம், சைகோன் டிராம்கூட இவ்வளவு ஒழுங்காக ஓடுவதில்லையே!"

"என்னடி சொல்றாரு?"

"நம்ம டிராமப் பத்தி."

"அப்பா வேலைய விசாரிக்கிறாரா? நல்ல மனுஷன்."

திரைக்குப் பின்னால் அவர் வெகுநேரம் பரிசோதித்தார். குளிர்ந்த கைகள். வெளியே வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. கையைக் கழுவிக்கொண்டே லூசியேனிடம் சொன்னார்: கர்ப்பப்பை இல்லை. அடிவயிற்றின் இரு பக்கமும் ஆணுக்குரிய சுரப்பிகள் இருக்கின்றன. பிறவியிலேயே இப்படி, யார் குற்றமும் இல்லை. ஆனால் பெண் என்று கையெழுத்துப் போட அவரால் முடியாது.

"அப்படியானால் நான் யார்?" என்று லூசியேன் கேட்டாள்.

"அந்தக் கேள்வியைச் சங்கம் என்னிடம் கேட்கவில்லை, மத்மொசேல்." அப்போதும் அவர் வாயில் கன்னிப்பெண்ணை விளிக்கும் சொல்தான் வந்தது.

தனக்கொடி மகளின் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். "என்னவாம்? சொல்லேன்டி."

முழங்கையைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தாள் லூசியேன். ஐம்பது பேருக்குப் புட்டு அவித்த கை.

"கையெழுத்துப் போட மாட்டாராம்மா."

"ஏன்?"

"காலண்டர் சரியில்லையாம். நெசமா வர்றவங்களுக்கு நாள் முன்னப் பின்னத்தான் இருக்குமாம்."

தனக்கொடியின் முகம் தெளிந்தது. "அவ்வளவுதானா? மாதாவே!"

ஞாயிறு காலை பந்தய மைதானத்துக்குப் போகும் டிராம் வீட்டு வாசலில் மணியடித்துக்கொண்டு போனது. லூசியேன் தனிப்பாயில் படுத்திருந்தாள். பக்கத்து வீட்டு அஷ்ரஃபுன்னிசா எட்டிப் பார்த்தாள்.

"என்ன புள்ள, இன்னக்கி ஓட்டமுன்னாங்க?"

"அந்த நாளு மாமி" என்று உள்ளேயிருந்து தனக்கொடி முந்திக்கொண்டாள். "இன்னக்குன்னு பாத்து வந்து தொலைஞ்சிருக்கு."

"அடப் பாவமே! பொம்பளையாப் பொறந்தா இதான்."

அவள் போனபிறகு லூசியேன் சுவரைப் பார்த்தாள். போன சிலுவையிலிருந்து இருபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இன்றைய கட்டத்தில் புதிதாக ஒரு சிலுவை. அம்மா மகள் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னாள்:

"இனிமே இப்படித்தான் மாத்தி மாத்திப் போடப் போறேன். வர்ற வருஷம் அதே டாக்டர்கிட்டப் போவோம். அப்ப என்ன சொல்றாருன்னு பாப்போம்."

"சரிம்மா" என்றாள் லூசியேன்.