இயந்திரம் தாண்டிச் சென்ற வரி

கணினி அறையின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். வெறும் பாதத்தில் ஏறும் அந்தக் குளிர்ச்சி, இருண்ட திரையில் ஒவ்வொன்றாக மலரும் பச்சை எழுத்துகள், குளிர்சாதனத்தின் ஓயாத முனகல். கணினிப் பொறியியலில் பட்டப் படிப்பு என்றால் இன்றும் எனக்கு இவைதாம். கல்லூரி அடையாற்றுப் பக்கம், வீடு மயிலாப்பூரில். நான் புறப்படும்போதெல்லாம் அப்பா, "நம்மாத்துப் பேர் யார் வாயிலயும் விழப்படாது" என்பார்.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு வருகைப் பதிவில் அடுத்தடுத்த எண் உடையவர்களை இணைப்பது துறையின் வழக்கம். என் அடுத்த எண்காரர் ராயப்பேட்டைக்காரர். அவர் வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்தவர். மாணவனும் மாணவியும் அருகருகே அமர்வதைத் துறைத்தலைவர் விரும்பாததால், ஒரே கணினியில் காலையில் நான், மாலையில் அவர். ஒரே நிரலை மாறி மாறி எழுதினோம். நிரலுக்குள் மனிதர் வாசிப்பதற்கென்று குறிப்பு வரிகள் எழுதலாம். இயந்திரம் அவற்றைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். அவ்வரிகளில், ஆங்கில எழுத்துகளில் தமிழாக, எங்கள் பேச்சு தொடங்கிற்று.

"மேடம், மூணாவது பகுதி ஓடல. இன்னான்னு பாருங்க" என்று எழுதியிருந்தார். "பார்த்தாயிற்று. இனிப் பணிவுடன் கேட்கவும்" என்று எழுதினேன். மறுநாள் காலை, "பணிவுடன் கேக்குறேன் மேடம். சாப்ட்டீங்களா?" என்றிருந்தது. நான் சிரித்ததை எவரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே பதில் எழுதினேன்.

அந்த மாதங்களில் வகுப்பில் எதிர்ப்பட்டால் தலையசைப்புக்கூடக் கிடையாது. ஆனால், நாளை திரையில் என்ன இருக்கும் என்ற நினைவிலேயே மாடவீதியில் எங்கள் வீட்டைத் தாண்டி நடந்து போயிருக்கிறேன்.

தேர்வுக்காக நிரலைத் தாளில் அச்செடுக்குமுன் அவ்வரிகளை நீக்கும் பொறுப்பு என்னுடையது. எல்லாவற்றையும் நீக்கினேன், ஒன்றைத் தவிர. "நீங்க நீலப் பொடவ கட்டிக்கினு வர்ற அன்னிக்கெல்லாம் நம்ம புரோகிராம் தப்பில்லாம ஓடுது மேடம். வைவாவுக்கும் அதையே கட்டிக்கினு வாங்க." அதை ஏன் விட்டேன் என்று விளக்கும் எண்ணம் இன்றும் எனக்கில்லை.

வைவா எனும் வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளரின் விரல் சரியாக அவ்வரியில் நின்றது. உரக்க வாசித்தார். என் புடவையைப் பார்த்தார். அது நீலம்தான். துறைத்தலைவரின் முகம் சிவந்தது.

"யார் எழுதினது?" என்று அதட்டினார்.

ராயப்பேட்டைக்காரர் பெயர் வந்தால் அவர் பட்டம் நின்றுபோகும். என் பெயர் வந்தால் அப்பா காத்த பெயர் போகும். அவர் அதற்குள் எழுந்துவிட்டார். "சார், அது வந்து…"

"இருவருடைய நிரல் சார் இது" என்றேன். "ஒவ்வொரு வரியும் இருவருடையதுதான்."

தேர்வாளர் தாளைப் புரட்டினார். "மிஷின் இதைப் படிக்காது. நானும் படிக்கலை. அடுத்த பக்கம் சொல்லுங்க."

வெளியே வராந்தாவில் வகுப்பு முழுவதும் காத்து நின்றது. "உசுரே பூடுச்சு மேடம்" என்றார் அவர். என்னிடம் அவர் வாய்திறந்து பேசியது அதுவே முதல்முறை. எழுத்தில் வாசித்திருந்ததைவிட மெல்லிய குரல்.

பின்னர் எங்கள் வாழ்க்கைகள் வேறு வேறு ஊர்களில் அமைந்தன. அதில் எனக்கு வருத்தமில்லை. இன்று அடையாறு பாலத்தின்மேல் மாணவனும் மாணவியும் ஒரே வண்டியில் சிரித்துப் பேசிப் போகிறார்கள்; எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நான்தான் அவரிடம் சொன்னேன்.

"வாங்கோ, பஸ் ஸ்டாப் வரைக்கும் பேசிண்டே போகலாம்."